சண்முகரத்தினம் மீன் பிடிக்கத்தான் போனார்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான்காவது மாடி வீட்டில் குடியிருக்கும் சண்முகரத்தினம் பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்ததில்லை. பாசாருக்குப் போனால் மீன்கடை வரிசையைத் தவிர்ப்பதற்காகவே ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு, கறிவேப்பிலை விற்கும் அக்கா பக்கமாக வெளியே வருகிறவர். கோயில் நிர்வாகக் குழுவில் செயலாளர் வேறு. அப்பேர்ப்பட்ட மனிதர், அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் மொண்டானா என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஜனவரி மாதப் பனியில் ஆற்றுக்குள் இறங்கி நின்று ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறேன் என்று அறிவித்தார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

காரணத்தின் பெயர் ஜனகா. அவருடைய ஒரே மகள். வனவியல் படிக்க மொண்டானாவுக்குப் போனவள், படிப்பு முடிந்ததும் திரும்பி வராமல், வெஸ்லி என்ற பள்ளிக்கூட வாத்தியாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மாலையைக்கூட அவளே கட்டியிருக்க வேண்டும், அத்தனை கோணல். அன்று வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நேரம். சண்முகரத்தினம் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் அவளைப் பார்க்க நான் போக மாட்டேன், அவள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். கை பொத்துப்போனது. மனைவி மீனலோசனி களிம்பு தடவிவிட்டபடி, சத்தியம் பண்ணுகிற ஆள் முதலில் கற்பூரம் ஆறுகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

வேறொருவர் என்றால் ஆறு மாதத்தில் அந்தச் சத்தியம் கரைந்திருக்கும். சண்முகரத்தினம் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லைக்கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே பழகியவர். தான் நட்ட கல்லைத் தானே பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. பேச மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லைதான். ஆனால் யார் முதலில் பேசுவது என்ற பிரச்சினையில் வருடங்கள் ஓடிப்போயின. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மீனலோசனி கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மகளோடு பேசுவாள். இவர் அதே நாற்காலியில், அதே பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு முடிகிற வரைக்கும் பக்கம் திரும்பாது.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ஜனகா உண்டாகியிருக்கிறாள், ஜனவரியில் பிரசவம் என்ற செய்தி வந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய் போயாக வேண்டும். மீனலோசனி அன்றைக்கே பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளுக்கு மிளகும் மல்லியும் வறுக்க ஆரம்பித்துவிட்டாள். சண்முகரத்தினம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவுகிற தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுதார் என்று மீனலோசனிக்குத் தெரியும். குழாயை மூட அவள் போகவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜனவரி மாதத்தில் அந்த ஊருக்கு ஒரு மனிதன் எதற்காகப் போகலாம்? கோயில் இல்லை. கடை கண்ணி இல்லை. உறவு உண்டு, ஆனால் அதைத்தான் கணக்கில் சேர்க்கக்கூடாது. தேடித் தேடிக் கடைசியில் ஒரு காணொளியில் போய் நின்றார். தாடியெல்லாம் பனி உறைந்த வெள்ளைக்காரர் ஒருவர் நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆற்றில் நின்றார். இறகையும் நூலையும் ஊசிமுனை அளவு கொக்கியில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதை நீண்ட கயிற்றின் நுனியில் கட்டிச் சுழற்றிச் சுழற்றி வீசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மீன் மாட்டியது. அதை முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை ஏன் விடுகிறார் என்று சண்முகரத்தினத்துக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த ஆற்றின் பெயர் விளங்கியது. மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓடுகிற ஆறு அது.

மகளைப் பார்க்கப் போகக்கூடாது. மீன் பிடிக்கப் போகலாம்.

இதை அவர் கோயில் மண்டபத்திலேயே, சத்தியம் செய்த அதே இடத்தில் வைத்து அறிவித்தார். சைவக்காரர் மீன் பிடிக்கலாமா என்று உடனே ஒரு விவாதம் கிளம்பியது. பிடித்து விட்டுவிடுவது கொலையில் சேராது என்றது ஒரு கட்சி. சும்மா கிடக்கிற மீனைக் கூப்பிட்டு வைத்துத் தொந்தரவு கொடுப்பது மட்டும் புண்ணியமா என்றது இன்னொரு கட்சி. குருக்களைக் கேட்டார்கள். ஆகமத்தில் ட்ரவுட்டைப் பற்றி ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டிய நேரத்தில், மீனலோசனியின் தம்பி கமலநாதன் வாயைத் திறந்தான். ஊரார் விவகாரத்தில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து இறுக்கிவிடுகிற ஆள் அவன்.

"அத்தான், மீன் பிடிக்கத்தான் போறீங்க. ஓகே லா. பிடிச்ச பிறகு?"

"பிடிச்ச பிறகு என்ன? திரும்பிட வேண்டியதுதான்."

"ஒரு மீன் மாட்டினாலே போதுமா?"

"போதும்."

"அப்போ மீன் மாட்டின மறுநாளே ப்ளைட் ஏறிடுவீங்க. அதுக்கு மேல அங்க இருந்தா, மகளுக்காக இருக்கிறீங்கன்னு ஆயிடும், இல்லையா?"

சண்முகரத்தினம் தலையை நிமிர்த்தினார். "மறுநாளே ஏறிடுவேன்."

மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிரசாதம் பரிமாறிக்கொண்டிருந்த மீனலோசனி அன்று தம்பியின் இலைக்கு மட்டும் சர்க்கரைப் பொங்கல் வைக்காமல் நகர்ந்தாள். பல வாரங்கள் அவனோடு பேச்சும் இல்லை.

இதில் சண்முகரத்தினத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாக்குச் சொன்னால் சாக்குக்கு உண்மையாக இருக்கிற ஆள் அவர். மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே மீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பொய், பொய்யென்றால் சத்தியம் முறிந்தது. தூண்டிலைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் தேடிப் பிடித்தார். ரப்பர் காற்சட்டை பார்சலில் வந்தது. வந்த அன்றே அதை மாட்டிக்கொண்டு, வெயில் படாத தொப்பியும் முகமூடியுமாகப் படியிறங்கினார். மூன்றாம் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, டெங்கிக்குப் புகையடிக்க ஆள் வந்துவிட்டதென்று சன்னலையெல்லாம் படபடவென்று சாத்தினார்கள். இரண்டாம் மாடி ஆன்டி சோற்றுப்பானையை மூடிவைத்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். கார் நிறுத்துமிடத்தில் கூடி நின்றவர்கள் முன்னிலையில், வேர்த்து ஒழுக ஒழுக, சண்முகரத்தினம் முதன்முதலாகத் தூண்டிலைச் சுழற்றினார். கயிறு பின்னால் போய், முதல் மாடியில் காய்ந்துகொண்டிருந்த பட்டுச்சேலையைக் கவ்வி இழுத்து வந்தது.

சேலை விவகாரம் ஓய்ந்த பிறகு, வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. அப்போது வந்து சேர்ந்தவன்தான் நாகையா. கிள்ளானுக்கு வடக்கே மேருவில், மீனும் கோழியும் உறையவைத்து அடுக்குகிற குளிர்கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். வார இறுதியானால் செமினியில் காசு கொடுத்து மீன் பிடிக்கிற குளத்துக்குப் போய்க் குந்திவிடுவான். அந்த ஒரு தகுதியை வைத்துத் தன்னை மீன்பிடி நிபுணன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சண்முகரத்தினமும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் நாகையாவுக்குத் தெரிந்ததெல்லாம் கோழிக்குடலைக் கொக்கியில் மாட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குவது. மீன் இழுத்தால் விழித்துக்கொள்வான். சுழற்றி வீசுகிற கலையை அவன் பார்த்ததே இல்லை. பார்த்ததும், சார், இப்படி வீசினால் மீனுக்கு மயக்கம் வந்துவிடும் என்றான். செமினி குளத்தில் சண்முகரத்தினம் ஒரு மாதம் வீசினார். கெளுத்திகள் மேலே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. அவருடைய பூச்சி நாகையாவின் தொப்பியில் மாட்டியது, பக்கத்துக்காரர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் மாட்டியது. மீன் வாயில் மட்டும் மாட்டவில்லை.

பூச்சிகளை அவரே கட்டினார். கோழி இறகு பாசாரில் சும்மா கிடைத்தது. மயிலிறகு நார் விசேஷமாக வேலை செய்யும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மயிலிறகுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? போன தைப்பூசத்தில் எடுத்த காவடியிலிருந்து உதிர்ந்தவற்றை நாகையா ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். முருகன் வாகனத்தின் இறகை மீன் வாயில் வைப்பதா என்று மீனலோசனி பிடித்துக்கொண்டாள். கடிக்கிற மீனுக்கு நல்லகதி கிடைக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார். கண்ணாடி மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொசு அளவுப் பூச்சிகளை நூலால் சுற்றிச் சுற்றி, விபூதிச் சம்புடத்தில் அடுக்கி வைத்தார்.

மிச்சமிருந்தது குளிர். கோலாலம்பூரில் குளிருக்கு எங்கே போவது? நாகையாவின் கிடங்குக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், லோரிகள் வராத நேரமாகப் பார்த்து, நாகையா அவரை உள்ளே விட்டான். உறைந்த கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்கும் கோழிப் பெட்டிகளுக்கும் நடுவில், ரப்பர் காற்சட்டையும் குரங்குக் குல்லாவுமாக நின்று, சண்முகரத்தினம் தூண்டில் வீசிப் பழகினார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தார்கள். அவர் கயிற்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் அது கல்லாகிவிட்டது. கல்லின் மேல் பூச்சி டக் டக்கென்று விழுந்தது. மூன்றாவது வாரம், பின்னால் போன கொக்கி ஒரு பெட்டியைக் கிழித்து, உள்ளேயிருந்த சியாக்கப் மீனின் வாயில் சரியாகப் போய் மாட்டிக்கொண்டது. சண்முகரத்தினத்தின் வாழ்க்கையில் அவர் பிடித்த முதல் மீன் அது. ஏற்கெனவே செத்து, உறைந்து, கடைகளுக்குப் போவதற்காகக் காத்திருந்தது. நாகையா உற்சாகத்தில் அவருடைய கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மீன் ஏன் விறைப்பாக இருக்கிறது என்று கமலநாதன் கேட்டான். குளிர்காலப் பயிற்சி என்று சண்முகரத்தினம் பதில் போட்டார்.

அந்தப் படத்தை மொண்டானாவில் ஜனகாவும் பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில், அம்மாவிடம் சொல்வது போல, பெட்டி கிழிந்திருப்பதைப் பார்த்தால் அப்பா தூண்டிலை ரொம்ப வேகமாக வீசுகிறார் போலிருக்கிறது என்றாள். குளிர்காலத்தில் ட்ரவுட்டுக்கு ஓடி வந்து கடிக்கத் தெம்பு இருக்காது, ஆழமான மெதுவான தண்ணீரில் அடியில் அசையாமல் கிடக்கும், பூச்சியை அதன் மூக்கு வரைக்கும் தண்ணீர் போகிற போக்கிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்றாள். பத்திரிகை லேசாக இறங்கியது. காலையிலா, மத்தியானத்திலா என்று அவள்கிட்ட கேளு என்றார் சண்முகரத்தினம், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. மத்தியானம்தான், கொஞ்சம் வெயில் ஏறின பிறகு என்று பதில் வந்தது. மீனலோசனி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தொலைபேசியை மேசை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

அதன் பிறகு வாரா வாரம் மீன் பேச்சுத்தான். தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, ஐஸ் பிடித்துவிட்டதா, மீன் எங்கே கிடக்கிறது என்று அவர் மனைவி மூலமாகக் கேட்பார். மகள் தாய் மூலமாகச் சொல்வாள். ஒருநாள் நேற்றுப் போய்ப் பார்த்தேன், கரையோரம் உறைந்திருக்கிறது என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இவருக்காகப் பனியில் வழுக்கி வழுக்கி ஆற்றுக்குப் போய்வருகிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுவாரம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஜனகாவே, தண்ணீர் நிலவரம் வேண்டாமாம்மா என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது. வெளியே போகாமல் சன்னல் வழியாகவே பார்க்கச் சொல்லு என்றார் சண்முகரத்தினம்.

ஜனவரி பிறந்ததும் இருவரும் கிளம்பினார்கள். மீனலோசனி மகள் வீட்டில் தங்கினாள். சண்முகரத்தினம் ஊருக்குள் ஒரு மோட்டலில் தங்கினார். மருமகன் வெஸ்லி விமான நிலையத்துக்கு வந்து, நெடுமரமாக நின்று, இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னான். பதிலுக்கு இவர், ஃபிஷிங் என்றார். அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

அந்த மாநிலத்துச் சட்டத்தை அவர் ஊரிலிருக்கும்போதே படித்து வைத்திருந்தார். ஆற்றிலும், வெள்ளம் ஏறுகிற கோடு வரைக்குமான கரையிலும் பொதுமக்கள் இறங்கலாம். அதற்கு மேலேதான் தனியார் நிலம். ஆகவே, பிரசவத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த வெஸ்லி தினமும் அவரைப் பாலத்தருகே இறக்கிவிடுவான். அவர் அங்கிருந்து தண்ணீருக்குள்ளேயே நடந்து மகள் வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்வார். கோட்டைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். நில அலுவலகத்து மூளை, அமெரிக்காவுக்குப் போனாலும் அதே மூளைதான்.

முதல் நாள் மத்தியானம் ஜனகா வந்தாள். மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரி ஒரு மேல்கோட்டு, அதற்குள் அடங்காத வயிறு. சரியாக அந்த எல்லைக்கோட்டின் மேல் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கப் போகவில்லை, அவள்தான் வந்தாள். சத்தியத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வருடக்கணக்காகப் பார்க்காத முகம். கன்னம் பூரித்து, மூக்கு சிவந்து, அவருடைய தாயாரின் சாயல் வந்திருந்தது. ஓடிப்போய் அந்த முகத்தைக் கையில் ஏந்த வேண்டும் போலிருந்தது. தூண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி எப்படி இருக்குப்பா?"

"ஆழமா இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். அவர் தூண்டில் வளையங்களில் பிடித்த ஐஸை விரலால் உடைத்துவிட்டு வீசினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுகிற வரைக்கும் இருந்தாள்.

மோட்டலுக்குத் திரும்பும் வழியில்தான் அவருக்குத் தன் நிலைமை முழுவதும் விளங்கியது. மீன் மாட்டினால் மறுநாள் விமானம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாதக்கணக்காக மீன் பிடிக்கப் படாதபாடு பட்டவர், இனி மீன் மாட்டாமல் இருக்கப் பாடுபட வேண்டும். மறுநாள் பாலத்தருகே வந்து, கொக்கியை ஒடித்துவிட்டு வீசலாமே என்று மீனலோசனி யோசனை சொன்னாள். அவர் அவளை முறைத்தார். கொக்கி இல்லாமல் வீசினால் அது மீன்பிடிப்பதா? மீன் பிடிக்கவில்லை என்றால் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று ஆகும்? வேறு வழியில்லை. ஒழுங்காகத்தான் வீச வேண்டும். மீன் ஒழுங்காக இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வெஸ்லிக்கோ மாமனாருக்கு எப்படியாவது ஒரு மீன் பிடித்துக் காட்ட வேண்டுமென்று ஆசை. அவனே நல்ல மீன்பிடிகாரன். இதோ இந்தப் பாறைக்குப் பின்னால் வீசுங்கள் என்று காட்டுவான். இவர் நன்றி சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் வீசுவார். அந்த மடுவில் நிறையக் கிடக்கின்றன என்பான். இவர் முழங்கால் அளவு தண்ணீராகத் தேடிப் போய் நிற்பார். மெதுவாக விடுங்கள் என்பான். இவர் சேலை இழுத்த அதே வேகத்தில் வீசுவார். மாமனார் பெரிய ஞானியா, இல்லை கொஞ்சம் அப்படி இப்படியா என்று அவன் ஜனகாவிடம் கேட்டிருக்கிறான். இரண்டும்தான் என்றிருக்கிறாள் அவள்.

நாட்கள் போயின. கமலநாதன் தினமும் குழுவில், மீன் மாட்டிச்சா அத்தான் என்று கேட்டான். இன்னும் இல்லை என்று இவர் பெருமையோடு பதில் போட்டார். ஜனகா தினமும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்து வந்தாள். அவர் தண்ணீரில் நின்றபடியே குடித்தார். பேசியது எல்லாம் மீனைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். உனக்குக் கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா, அவன் உன்னை நன்றாக வைத்திருக்கிறானா என்று கேட்க நினைத்ததெல்லாம் வாய்வரை வந்து, இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கலங்கல் என்று வெளியே வந்தது. அவளும், ஆமாப்பா கலங்கல் என்றாள். அப்படி இருந்தும் அந்த மத்தியானங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். விரல் மரத்து, மூக்கு ஒழுகி, காது எரிந்து, வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. தண்ணீரின் மேல் பொடிப்பூச்சிகள் பறந்தன. சண்முகரத்தினம் வழக்கம்போல, எந்த மீனும் எட்டிப் பார்க்காத ஆழமில்லாத இடமாகப் பார்த்து, மயிலிறகுப் பூச்சியைக் கட்டி, தாறுமாறாக வீசினார். கயிறு சிக்கிக்கொண்டது. அவர் அதை அவிழ்க்கத் தலையைக் குனிந்தார். பூச்சி தன்பாட்டில் தண்ணீர் போகிற போக்கில் மெதுவாக மிதந்து போயிற்று. அதுதான் பிழை. தூண்டில் வளைந்தது.

"ஐயோ," என்றார் சண்முகரத்தினம்.

விட்டுவிடலாம். கயிற்றைத் தளர்த்தினால் மீன் போய்விடும். ஆனால் தளர்த்தியது தானென்று அவருக்குத் தெரியும். கமலநாதனுக்குத் தெரியாது, முருகனுக்குத் தெரியும். கண் கலங்கக் கலங்க, ஒழுங்காக, காணொளியில் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இழுத்தார். மீன் கரையோரம் வந்தது. முழங்கை நீளம் இருக்கும். வெயிலில் அதன் பக்கம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை அவர் அதுவரை அவ்வளவு வெறுத்ததில்லை.

"மாட்டிக்கிச்சு ஜனகா," என்றார். குரல் உடைந்துவிட்டது. "மாட்டிக்கிச்சும்மா. நாளைக்கு நான் போகணும்."

ஜனகா நாற்காலியிலிருந்து எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி வைத்து, பனிக்கட்டிகளின் மேல் தண்ணீரோரம் வந்து மெல்ல முழங்காலிட்டாள். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். வெறுங்கையைத் தண்ணீருக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, கயிற்றோடு தடவிப் போய், மீன் வாயிலிருந்த கொக்கியைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். மீன் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு வாலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"இது கணக்கில்லப்பா," என்றாள். "வலைக்குள்ள வராத மீனைப் பிடிச்சதா சேர்க்கமாட்டாங்க. இந்த ஊர்ல அப்படித்தான் ரூல்."

சண்முகரத்தினம் அவளைப் பார்த்தார்.

"ரூலா?"

"ரூல்தான். சட்டத்துலயே இருக்கு."

சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதை ஊரிலிருக்கும்போதே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தவர் அவர். அவர் படித்திருப்பார் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த அந்தக் கை சிவந்து, நீலம் பாரித்து, விரல்கள் மடங்காமல் அவள் மடியில் கிடந்தது.

தூண்டில் அவர் கையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது. ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார். தன் மேல்கோட்டைத் திறந்து, சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். எல்லைக்கோடு எங்கே இருந்தது என்று அவர் பார்க்கவில்லை.

"அறிவு இருக்கா உனக்கு?" என்றார். பல வருடங்களில் மீனையும் தண்ணீரையும் பற்றி அல்லாமல் அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இந்தத் தண்ணியில கைய விடுவாங்களா? ஜுரம் வந்தா என்ன பண்ணுவே? படிச்ச பிள்ளைதானே நீ?"

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து அவள் தலையில் சொட்டியது. ஜனகா மற்றக் கையின் உறையையும் பல்லால் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் கையையும் அப்பாவிடம் நீட்டினாள்.